மணவறையில் ஸ்டேன்பை டியூட்டி

கடையின் வருட முடிவு ஒன்றுகூடலில், "புதுப் பிள்ளைங்களுக்கு நாலு வார்த்தை சொல்லுங்க மிஸ்" என்று என்னை மேடைக்கு ஏற்றினார்கள். நாலு வார்த்தை என்பது சும்மா பேச்சுக்குச் சொல்வது என்று நினைத்துவிட்டேன். அவர்கள் நிஜமாகவே எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்கள். நான் தொண்டையைச் செருமி முடிப்பதற்குள் பாட்டுப் போட்டுவிட்டார்கள். மைக்கைப் பிடுங்கிச் சண்டை போட என் முழங்காலில் இப்போது தெம்பில்லை. அதனால் சொல்ல வந்ததை எழுதித் தருகிறேன். சாப்பாட்டு அறையில் ஒட்டி வையுங்கள். யாராவது கிழித்தால் என்னிடம் இன்னொரு பிரதி இருக்கிறது.

என்னைத் தெரியாதவர்களுக்கு: நான் புஷ்பா. ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் இதே சுப்பர் மார்க்கெட்டில் அரிசிப் பொதி கட்டுகிறவளாகச் சேர்ந்து, பில் போடுகிறவளாகி, கடைசியில் சுப்பர்வைசராக ஓய்வு பெற்றவள். நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசைக் குடியிருப்பில், பிறந்தவள். அம்மா கொழுந்து பறிக்க மலைக்கும் அப்பா தேயிலை பெக்டரிக்கும் போனவர்கள். நான் நிழலில் நின்று வேலை செய்யப் பிறந்தவள் என்று சின்ன வயதிலேயே முடிவெடுத்துவிட்டேன். கடைசி வரைக்கும் நின்றேன். அதுதான் முழங்கால்.

பில் போடுவது எப்படி, காலாவதித் தேதி பார்ப்பது எப்படி என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதை மெஷின் சொல்லிக்கொடுக்கும். மெஷினுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அதில் நான் செய்த ஒரு பெரிய பிழையும் இருக்கிறது. அதைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் சத்தம் குறைத்து வாசியுங்கள்.

அப்போது நம் கடையில் பார்ட்-டைம் பிள்ளைகள் பதினொரு பேர். எல்லோரும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள். பழைய மேனேஜர் காலத்தில், யாருக்கு எந்த நாள் வேலை என்பதை மாதத் தொடக்கத்தில் கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுவார். அவர் கையெழுத்து அவருக்கே புரியாது. ஆனாலும் ஒட்டியது ஒட்டியதுதான், மாறாது.

பிறகு கொழும்பிலிருந்து புது மேனேஜர் வந்தார். நல்ல பையன், கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். குளிருக்கு இரண்டு ஸ்வெட்டர் போட்டு அதன் மேல் டை கட்டுவார். அவர் தலைமையகத்திலிருந்து ஒரு கம்ப்யூட்டர் ஏற்பாட்டையும் கொண்டுவந்தார். நாளைக்கு எத்தனை வாடிக்கையாளர் வருவார்கள் என்று அது முன்கூட்டியே கணித்து, அதற்கேற்ப ஆள் போடுமாம். பட்டியல் முதல் நாள் பின்னேரம் நாலு மணிக்கு எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வந்து விழும். நாளைக்கு வேலை இருக்கிறதா, இல்லையா, இருந்தால் எத்தனை மணிக்கு, எல்லாம் அப்போதுதான் தெரியும்.

இந்தக் கம்ப்யூட்டர் கொழும்பில் வளர்ந்தது. மழை பெய்தால் கடைக்கு யாரும் வரமாட்டார்கள் என்று யாரோ அதற்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஹட்டனில் மழை பெய்தால்தான் கடை நிறையும். பஸ் ஸ்டாண்டில் நிற்கும் அத்தனை பேரும் ஒதுங்க இடம் தேடி உள்ளே ஓடிவந்து, வெட்கத்துக்கு ஒரு டொபி வாங்குவார்கள். அந்த ஒரு டொபிக்கும் பில் போட ஆள் வேண்டும். கம்ப்யூட்டரோ மழை நாளில் இரண்டு பேரைப் போட்டது. வெயிலடித்து ஊரே துணி துவைக்கும் நாளில் ஒன்பது பேரைப் போட்டது. அந்த ஒன்பது பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு ஷாம்பு போத்தல்களைத் துடைத்தார்கள்.

இதைச் சமாளிக்கத் தலைமையகம் கண்டுபிடித்ததுதான் ஸ்டேன்பை. பட்டியலில் பெயருக்கு நேரே அப்படிப் போட்டிருந்தால், சொன்ன நேரத்துக்குக் கடைக்கு வந்து காத்திருக்க வேண்டும். கூட்டம் வந்தால் கூப்பிடுவோம். கூப்பிட்ட நிமிடத்திலிருந்துதான் சம்பளம். கூட்டம் வராவிட்டால் சொந்தக் காசில் பஸ் ஏறி வந்த மாதிரியே சொந்தக் காசில் பஸ் ஏறிப் போக வேண்டியதுதான். வரமுடியாது என்று சொன்னால் ஒரு மாதத்துக்குப் பட்டியலில் பெயர் வராது. வாரத்தில் குறிப்பிட்ட மணித்தியாலத்துக்கு மேல் யாருக்கும் வேலை கொடுக்கவும் மாட்டார்கள். கொடுத்தால் நிரந்தரமாக்கச் சொல்லிக் கேட்டுவிடுவார்களாம்.

காத்திருக்கும் இடம் களஞ்சிய அறையில் பருப்பு மூட்டைகளின் மேல். அங்கே போய் உட்காரச் சொல்வது யார்? நான்தான். ஸ்டேன்பைக்கென்று ஒரு பதிவுப் புத்தகம் இருந்தது. வந்த நேரம் ஒரு கட்டம், கூப்பிட்ட நேரம் இன்னொரு கட்டம், முடிந்த நேரம் மூன்றாவது கட்டம். எழுதுகிற பேனா என் கழுத்தில் நூல் கட்டித் தொங்கியது. அந்தப் பேனா தொங்கிய நாட்களில் என் நடையே வேறு. பாவிகளே, நான் பெரிய துரை மாதிரி நடந்திருக்கிறேன்.

இனி ஜெயந்தியைச் சொல்கிறேன். இருபத்துநாலு வயது, மூன்றாம் கவுண்டர். மீதிச் சில்லறையைத் தரும்போது வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிற ஒரே ஆள். அவள் தோட்டத்தில் லயத்துக்குள் சிக்னல் கிடைக்காது. மேல் மலையில் கொழுந்து எடுக்கும் அவள் அம்மா செல்லம்மாவுக்குத்தான் கிடைக்கும், அதனால் அவர் போனைத்தான் குழுவில் சேர்த்திருந்தோம். நாலு மணிக்குச் செல்லம்மா அக்கா தேயிலைச் செடிகளுக்கு நடுவே நிமிர்ந்து நின்று, போனைப் பார்த்து, கீழே லயத்தை நோக்கிக் கத்துவார்.

"ஏய் ஜெயந்தி! நாளைக்குப் பத்துலயிருந்து பன்னெண்டு! ரெண்டே மணித்தியாலம்!"

பக்கத்து மலையிலிருந்து வேறு யாராவது, "ரெண்டு மணித்தியாலத்துக்கா பஸ்ஸு ஏறிப் போகப்போகுது?" என்று பதில் கத்துவார்கள். அந்தத் தோட்ட டிவிசன் முழுவதற்கும் நம் கடையின் பட்டியல் மனப்பாடம். ஒருமுறை நான் பஸ்ஸில் போகும்போது முன்பின் தெரியாத ஒரு பெரியவர், "வியாழக்கிழமை ஆள் காணாதே மிஸ், எப்படிச் சமாளிக்கப் போறீங்க?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

தை மாதத்தில் ஜெயந்திக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை சுரேஷ், தலவாக்கலையில் ஒரு பேக்கரியில் வேலை. கல்யாணத்துக்குப் பிறகு ஹட்டனில் ஒரு அறை வாடகைக்கு எடுத்து இருப்பதாக ஏற்பாடு. அதற்கு முற்பணமும் கொடுத்தாகிவிட்டது. இரண்டு பேர் சம்பளமும் வந்தால்தான் வாடகை கட்ட முடியும். ஞாயிற்றுக்கிழமை, டவுன் கோவில் மண்டபத்தில், ஒன்பது நாற்பதிலிருந்து பத்தரை வரை முகூர்த்தம்.

கார்டை எனக்கு நீட்டிவிட்டு ஜெயந்தி கேட்டாள்.

"மிஸ், அன்னிக்கு ஒரு நாளு லீவு வேணும்."

"பார்ட்-டைமுக்கு லீவு கெடையாதும்மா. லீவெல்லாம் பேர்மனன்ட் ஆளுங்களுக்குத்தான்."

"அப்ப நான் என்ன செய்யிறது மிஸ்?"

"சனிக்கிழமை நாலு மணிக்குப் பட்டியல் வரும்ல? அதுல ஒன் பேரு இல்லாட்டிப் போச்சு."

"இருந்தா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இருந்தா பார்ப்போம்" என்றேன். இருபத்துநாலு வயதுப் பெண், தன் கல்யாணத்துக்குத் தான் வருவாளா இல்லையா என்பது முதல் நாள் பின்னேரம்தான் தெரியும் என்ற நிலைமையில் என் முன்னால் நிற்கிறாள். எனக்கு அது தப்பாகவே படவில்லை. விதி அப்படி இருக்கிறது, நான் என்ன செய்ய என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் ஜெயந்தியின் அம்மாவும் அப்பாவும் கடைக்கே வந்துவிட்டார்கள். கையில் தாம்பூலத் தட்டு. வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், கல்யாணக் கார்டு. மரியாதையாகக் கேட்டால் கிடைக்காதது உண்டா என்பது அவர்கள் கணக்கு. அப்பா தோளில் இருந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மேனேஜர் முன்னால் நின்றார்.

"ஐயரு நாள் குறிச்சுக் குடுத்துட்டாருங்க. நீங்களும் அந்த நாளை ஒத்துக்கிட்டா எங்களுக்குச் சந்தோசமுங்க."

மேனேஜருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் வளர்ப்பு நல்ல வளர்ப்பு. எழுந்து நின்று இரண்டு கையாலும் தட்டை வாங்கினார். அவர்கள் முன்னாலேயே ஒரு வாழைப்பழத்தை உரித்துச் சாப்பிட்டார். அம்மாவும் அப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தட்டை வாங்கியாயிற்று என்றால் வாக்குக் கொடுத்தாயிற்று. அதற்குமேல் எழுத்தில் எதற்கு?

அவர்கள் போனதும் அவர் என்னிடம், "ரொம்ப நல்ல ஆட்கள் மிஸ். என்ன விசயமா வந்தாங்க?" என்று கேட்டார்.

அதற்கு முன்பே, அவர்களை வாசலுக்குக் கூட்டிப்போகிற வழியில், அந்த அம்மா என்னை அறைந்துவிட்டார். கையால் இல்லை. களஞ்சிய அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே பருப்பு மூட்டைகளின் மேல் மூன்று பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"இந்தப் புள்ளைங்க ஏன் இங்கன ஒக்காந்திருக்குதுங்க?"

"ஸ்டேன்பை. கூப்புட்டாத்தான் வேலை."

"பேரு போட்டாச்சா?"

தோட்டத்தில் அன்றைக்கு வேலைக்கு வந்ததாகப் பதிந்து நாள் சம்பளம் கொடுப்பதைப் பேர் போடுவது என்பார்கள். உங்களுக்குத் தெரியும், நீங்களும் அங்கேயிருந்து வந்த பிள்ளைகள்தானே. எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டுப் பல வருடமாகியிருந்தது.

"கூப்புட்டாத்தான் பேரு" என்றேன்.

செல்லம்மா அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "நாங்க காலையில பெரட்டுக்கு வந்து வரிசையில நின்னு, மலைக்கு ஏறி, மழை கொட்டி வேலைய நிப்பாட்டுனாக்கூட எங்களுக்கு அரைப் பேராவது போடுவாங்க. வந்த ஆளுக்குப் பேரு போடாம ஒக்கார வச்சா கங்காணிய நாங்க சும்மாவா விடுவோம்? நீங்க எந்தத் தோட்டத்துப் புள்ள?"

என் அம்மா இடுப்பில் கட்டிய நனைந்த சாக்கோடு வீட்டுக்கு வந்து, "இன்னிக்கு அரைப் பேருதான்" என்று சொல்வதைக் கேட்டு வளர்ந்தவள் நான். அந்த அரையைக்கூட இந்தப் பிள்ளைகளுக்குக் கொடுக்காமல், கழுத்தில் பேனாவைத் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அன்று வீட்டில் சோறு இறங்கவில்லை. மறுநாள் இறங்கிவிட்டது, அது வேறு விசயம்.

சனிக்கிழமை நாலு மணிக்குப் பட்டியல் வந்தது. ஜெயந்தி, ஞாயிறு, ஒன்பதிலிருந்து பதினொன்று. ஸ்டேன்பை.

மேலே மலையிலிருந்து செல்லம்மா அக்கா இதை எப்படிக் கத்தினார் என்று எனக்குத் தெரியாது. கத்தியதில் லயத்து வாசலில் பந்தல்காரன் கட்டிய கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினான் என்று பிறகு கேள்விப்பட்டேன். நான் மேனேஜரிடம் ஓடினேன்.

"சார், நாளைக்கு அந்தப் புள்ளைக்குக் கல்யாணம். நீங்க தட்டு வாங்கினீங்களே!"

"வாழைப்பழம்தானே மிஸ் சாப்பிட்டேன்? பட்டியலை நான் போடலயே. வராட்டி சிஸ்டமே ஒரு மாசத்துக்குப் பேரைத் தூக்கிரும். என்னால கைவைக்க ஏலாது."

ஒரு மாதம் பெயர் வராவிட்டால் ஒரு மாதச் சம்பளம் இல்லை. சம்பளம் இல்லாவிட்டால் வாடகை அறை இல்லை. தாலி கட்டிய கையோடு பெண் லயத்துக்கும் மாப்பிள்ளை பேக்கரி மாடிக்கும் போக வேண்டியதுதான்.

என் வாழ்க்கையில் முதல்முறையாக அந்த விதித்தாளை முழுவதும் வாசித்தேன். களஞ்சிய அறைச் சுவரில் அது இரண்டு வருடமாக ஒட்டியிருந்தது. ஸ்டேன்பை ஊழியர் குறித்த நேரத்தில் சீருடையுடன் சுப்பர்வைசர் முன் சமுகமளித்துப் பதிவுப் புத்தகத்தில் கையொப்பமிட வேண்டும் என்றிருந்தது. சுப்பர்வைசர் எங்கே இருக்க வேண்டும் என்று எழுதவில்லை. மூன்று தரம் வாசித்தேன். எழுதவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பதினொரு மணிக்குத்தான் டியூட்டி. காலை எட்டே முக்காலுக்குப் பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, பதிவுப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கோவில் மண்டபத்துக்குப் போனேன். பேனா வழக்கம்போலக் கழுத்தில், தங்கச் சங்கிலிக்குப் பக்கத்தில்.

சரியாக ஒன்பது மணிக்கு ஜெயந்தி கூறைச் சேலைக்கு மேல் கடையின் பச்சை ஏப்ரனைக் கட்டி, பெயர் அட்டையைக் குத்திக்கொண்டு என் முன்னால் வந்து கையெழுத்துப் போட்டாள். கை முழுக்க மருதாணி. ஐயர் ஹோமக்குண்டத்தை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்.

"இது என்னம்மா புதுச் சம்பிரதாயம்?"

"கொழும்பு வழக்கம் சாமி" என்றார் செல்லம்மா அக்கா.

ஐயர் தலையாட்டினார். ஏப்ரனைக் கழற்றிவிட்டு ஜெயந்தி மணவறைக்குப் போனாள். பெயர் அட்டையைக் கழற்ற மறந்துபோனாள். கல்யாண அல்பத்தில் அத்தனை படத்திலும் இருக்கிறது, போய்ப் பாருங்கள். நான் முன்வரிசையில் புத்தகத்தை மடியில் வைத்து உட்கார்ந்தேன். அன்றைக்குப் பட்டியலில் பெயர் வராத பார்ட்-டைம் பிள்ளைகள் நாலு பேர் பின்னால் உட்கார்ந்து பலகாரத்தை ஒரு கை பார்த்தார்கள்.

ஒன்பதரைக்கு மழை பிடித்தது. சிவனொளிபாத மலை சீசன் அது. ரயிலில் வந்து இறங்கி, மலையடிவாரத்து நல்லதண்ணிக்குப் பஸ் பார்த்து நின்ற யாத்திரைக் கூட்டம் முழுவதும் மழைக்கு நம் கடைக்குள் ஓடியிருக்கிறது. கம்ப்யூட்டருக்குச் சீசனும் தெரியாது, மலையும் தெரியாது. அது அன்றைக்கு இரண்டு பேரைத்தான் போட்டிருந்தது.

தாலியை ஐயர் தட்டில் வைத்துச் சபைக்குக் காட்டி ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டிருந்தார். என் போன் அடித்தது. மேனேஜர்.

மேளத்தின் சத்தத்தில் அது யாருக்கும் கேட்டிருக்காது. ஆனால் என் கையில் வெளிச்சம் அடித்ததை ஜெயந்தி பார்த்துவிட்டாள். பார்த்ததும் எழுந்தாள்.

ஆமாம், மணவறையிலிருந்து எழுந்தாள். மாலை ஒரு தோளிலிருந்து சரிந்தது. "கூப்புட்டாங்களா மிஸ்?" என்று வாயசைத்தாள். மாப்பிள்ளை பயந்துபோய் அவள் சேலை முந்தானையைப் பிடித்தான். "ஒக்காரும்மா! ஒக்காரு!" என்று ஐயர் சத்தம் போட்டார். அவள் விளையாட்டுக்கு எழுந்திருக்கவில்லை, பிள்ளைகளே. அந்த முகத்தை நான் பார்த்தேன். கூப்பிட்டால் போக வேண்டும் என்று அவள் காலுக்குப் பழகியிருந்தது. பழக்கியது நான். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. கல்யாணத்தில் எல்லோரும் அழுவதால் யாரும் கண்டுகொள்ளவில்லை.

"ஒக்காரு ஜெயந்தி" என்று கையால் காட்டிவிட்டுப் போனைக் காதில் வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. மேளத்தைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்ல மேளக்காரரைப் பார்த்துக் கையை உயர்த்தினேன்.

அங்கேதான் கூத்து நடந்தது. முன்வரிசையில் பட்டுச்சேலை கட்டிய பெரிய மனுசி கையை உயர்த்தினால் மேளக்காரருக்கு ஒரே அர்த்தம்தான். கெட்டிமேளம்! நாதஸ்வரக்காரர் கன்னம் வெடிக்க ஊதினார். சபை அட்சதையை வீசியது. ஐயர் திகைத்து நின்றார். மாப்பிள்ளை, விட்டால் பெண் கடைக்கு ஓடிவிடுமோ என்ற பயத்தில், தட்டிலிருந்த தாலியைப் பறித்துப் படபடவென்று மூன்று முடிச்சும் போட்டுவிட்டான். மூன்றாவது முடிச்சைப் போட நின்ற நாத்தனாருக்கு முடிச்சே மிச்சமில்லை. இன்றைக்கு வரைக்கும் அவள் என்னோடு பேசுவதில்லை.

மேளம் ஓய்ந்தது. மண்டபம் அமைதியாயிற்று. என் விரல் எங்கேயோ பட்டு ஸ்பீக்கர் விழுந்துவிட்டது. மேனேஜரின் குரல் சபை முழுவதற்கும் கேட்டது.

"மிஸ்! கடை வெடிக்கப் போகுது! ஸ்டேன்பையை அனுப்புங்க!"

"அனுப்ப முடியாது சார். இப்பதான் தாலி ஏறுச்சு."

"யாருக்கு?"

"ஸ்டேன்பைக்கு."

மறுபக்கத்தில் மழைச் சத்தம் கேட்டது. யாரோ ஒரு யாத்திரைக்காரர் கம்பளிக் குல்லா என்ன விலை என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"வேற யாராவது இருக்காங்களா மிஸ்? ப்ளீஸ்."

இருந்தார்கள். நாலு பேர் பலகாரத் தட்டோடு இருந்தார்கள். வழக்கமாக நான் உடனே, "இதோ அனுப்பறேன் சார்" என்றிருப்பேன். அந்த வார்த்தை நாக்கு நுனிவரைக்கும் வந்தது. அப்போது என் மடியில் இருந்த புத்தகத்தைப் பார்த்தேன். இத்தனை நாளும் அவசரம் என்றால் பிள்ளைகளுடைய அவசரம். இன்றைக்கு முதல்முறையாக அவசரம் அந்தப் பக்கம் இருக்கிறது. இந்த நிமிடத்தை விட்டால் மறுபடி கிடைக்காது.

"நாலு பேரு இருக்காங்க சார். நானும் வாறேன். ஆனா மூணு விசயம். ஜெயந்தி பேரைத் தூக்கக் கூடாது."

"சரி மிஸ், சரி."

"பட்டியலை இனி திங்கக்கிழமையே முழு வாரத்துக்கும் போடணும்."

"அது ஹெட் ஒபிஸ் மிஸ்..."

"அப்ப ஹெட் ஒபிஸை வந்து பில் போடச் சொல்லுங்க."

சபையில் கைதட்டினார்கள். கைதட்டலைக் கேட்டு மேளக்காரர் மறுபடி தவிலைத் தூக்கினார். அவரை இரண்டு பேர் பிடித்து உட்காரவைத்தார்கள்.

"சரி மிஸ், திங்கக்கிழமை. மூணாவது என்ன?"

நான் வாயைத் திறப்பதற்குள் மணவறைக்குப் பக்கத்திலிருந்து செல்லம்மா அக்கா கத்தினார். மலைக்கு மலை கேட்கிற குரல், மண்டபத்துக்குள் எப்படி இருந்திருக்கும்! "அரைப் பேரு! வந்து நிக்கிற புள்ளைக்கு அரைப் பேராவது போடணும்! தட்டு வாங்கினீங்கல்ல?"

"அது யாரு மிஸ்?"

"பொண்ணோட அம்மா சார். ஸ்டேன்பைக்கு வந்த ஆளைக் கூப்புடாட்டியும் பாதிச் சம்பளம் குடுக்கணும்ங்கிறாங்க. நானும் அதைத்தான் சொல்றேன்."

ஏதோ பெரிதாக விழுந்து உடைகிற சத்தம் கேட்டது. ஜாம் போத்தல் அடுக்கு என்று பிறகு தெரிந்தது. "சரி! எல்லாம் சரி! வாங்க மிஸ்!"

மாப்பிள்ளை வீட்டார் வந்த வேனிலேயே ஐந்து பேரும் போய் இறங்கினோம். பட்டுச்சேலையும் மல்லிகைப்பூவுமாக ஐந்து பேர் கவுண்டர்களில் நின்றதைப் பார்த்து, ஏதாவது விழாச் சலுகை இருக்கிறதா என்று ஆட்கள் கேட்கத் தொடங்கினார்கள். ஒரு பெரியவர் என்னிடம் விபூதி கேட்டார். எனக்கு மறுக்க மனசு வரவில்லை. என் நெற்றியில் இருந்ததில் கொஞ்சம் தொட்டுக் கொடுத்தேன். பிறகு அவருக்குப் பின்னால் ஒரு வரிசை நின்றுவிட்டது.

சொன்னபடி எல்லாம் ஒழுங்காக நடந்ததா என்று கேட்பீர்கள். திங்கட்கிழமைப் பட்டியல் சில மாதம் திங்கட்கிழமையே வந்தது. பிறகு செவ்வாய்க்கு நழுவியது. நாங்கள் முணுமுணுத்தோம், திரும்பத் திங்களுக்கு வந்தது. இப்போது புதனுக்கு நழுவியிருப்பதாகக் கேள்வி. நீங்கள் முணுமுணுப்பது போதவில்லை என்று அர்த்தம். அரைச் சம்பளத்தைத் தலைமையகம் முதலில் ஹட்டனுக்கு மட்டும் என்றது. அதுவும் ஒரு வருடம் இழுத்தடித்துத்தான் எழுத்தில் வந்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது கல்யாணத்துக்கு மறுநாள் திங்கட்கிழமைக் காலை நடந்ததை. மேனேஜர் கையெழுத்துக்காகப் பதிவுப் புத்தகத்தை அவர் மேசையில் வைத்தேன். ஜெயந்தி. வந்த நேரம் ஒன்பது. கூப்பிட்ட நேரம் ஒன்பது ஐம்பது. முடிந்த நேரம் பதினொன்று. பாதி இல்லை, கூப்பிட்ட நேரத்திலிருந்து முழுச் சம்பளம் போட்டிருந்தேன். அவர் விரலை அந்த வரியில் வைத்தார்.

"மிஸ், பாதி தாறதா ஒத்துக்கிட்டேன். இது முழுசா இருக்கு. அந்த நேரத்துல அந்தப் பிள்ளை மணவறையில ஒக்காந்திருந்துச்சு."

"ஒக்காந்திருக்கல சார். நீங்க கூப்புட்டீங்க. அது எழுந்திருச்சிருச்சு. நான் பார்த்தேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். டையைத் தளர்த்திக்கொண்டு, புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து, அந்த வரிக்கு நேரே கையெழுத்துப் போட்டார்.

உங்களில் யாருக்காவது தாலி கட்டுகிற நேரத்தில் கடையிலிருந்து போன் வந்தால் எழுந்திருக்காதீர்கள். உங்கள் சுப்பர்வைசர் எழுந்து பேசட்டும். பேசாவிட்டால் என் நம்பரைக் கொடுங்கள்.